பார்வை திரும்பிவிட்டது, நோய் போய்விட்டதா?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலவாழ்வுக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் சில காலமாக இரண்டு சொற்கள் அடிக்கடி தென்படுகின்றன. ஒன்று ‘கண் ஆஞ்சியோ’, மற்றொன்று ‘ஓ.சி.டி. ஸ்கேன்’. ஒரே நோயாளிக்கு, ஒரே கண்ணுக்கு, சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்ப இவை எழுதப்படுகின்றன. நன்கொடை தரும் சகோதரர்கள் இதைப் பார்த்துவிட்டு, “ஆபரேஷனுக்குக் கேளுங்கள், மனமுவந்து தருகிறோம். நன்றாகத் தெரியும் கண்ணைப் படம் எடுத்துக்கொண்டே இருப்பதற்கு எதற்குப் பணம்?” என்று கேட்கிறார்கள்.

மக்கள் நம்மிடம் ஒப்படைத்திருப்பது அமானிதப் பணம். அதன் ஒவ்வொரு ரூபாய்க்கும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். ஆகவே கேட்பது அவர்களுடைய உரிமை, விளக்குவது நம்முடைய கடமை. அந்த விளக்கத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இது என்ன நோய்?

கண்ணின் உட்புறச் சுவரில் மெல்லிய திரை ஒன்று இருக்கிறது. அதை விழித்திரை என்கிறோம். நாம் காணும் காட்சியெல்லாம் அதில்தான் விழுகிறது. அந்தத் திரைக்கு இரத்தம் கொண்டு போகும் நுண்ணிய குழாய்கள் உண்டு. அந்தக் குழாய்களின் சுவரில் அழற்சி ஏற்படுவதையே மருத்துவர்கள் ‘ரெட்டினல் வாஸ்குலைட்டிஸ்’ என்கிறார்கள்.

அழற்சி வந்தால் என்ன ஆகும்? நம் தெருவில் குடிநீர்க் குழாய் கெட்டுப்போனால் நடப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் கசியும். விழித்திரைக் குழாயிலும் அப்படியே நீர் கசிந்து திரை வீங்கும். அடுத்து, குழாய் அடைத்துக்கொள்ளும். அடைபட்ட பகுதிக்கு இரத்தம் போகாது. இரத்தம் இல்லாமல் தவிக்கும் பகுதி, புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும் ஒரு பொருளைச் சுரக்கும். அப்படி முளைக்கும் குழாய்கள் மிகவும் பலவீனமானவை. அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். காலப்போக்கில் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடவும் கூடும்.

இதற்குக் காரணங்கள் பல. காசநோய், சார்காய்டோசிஸ், லூபஸ், சில வைரஸ் கிருமிகள் என்று பட்டியல் நீளும். சிலருக்கு எவ்வளவு பரிசோதித்தாலும் காரணம் கிடைக்காது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது, ‘ஈல்ஸ் நோய்’. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஹென்றி ஈல்ஸ் என்ற கண் மருத்துவர், இளம் ஆண்களுக்குக் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப இரத்தம் கசிவதை 1880இல் பதிவு செய்தார். இன்று அந்த நோய் மேலை நாடுகளில் அரிது. நம் இந்தியத் துணைக்கண்டத்தில்தான் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு வருகிறது. சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள், ஈல்ஸ் நோயாளிகளின் கண்ணிலிருந்து எடுத்த திசுவில் காசநோய்க் கிருமியின் மரபணுத் தடயத்தைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். இதனால்தான் கண்ணைக் காட்டப் போனவரிடம் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் எடுத்துவரச் சொல்கிறார்கள். “கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கோபித்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ‘பெஹ்செட் நோய்’. இஸ்தான்புல்லைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஹுலூசி பெஹ்செட் 1937இல் இதை ஒரு தனி நோயாக அடையாளம் காட்டினார். துருக்கியில் தொடங்கி ஈரான் வழியாக ஜப்பான் வரை, பழைய பட்டுப்பாதை நாடுகளில் அதிகம் காணப்படும் நோய் இது. நம் நாட்டிலும் உண்டு. அடிக்கடி வாய்ப்புண், மறைவிடங்களில் புண், இவற்றோடு கண் மங்கல் என்று சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு ஒன்றை மறைத்தால், நோயைக் கண்டுபிடிப்பது தாமதமாகும்.

ஏமாற்றும் நோய்

இந்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது. கண்முன் கொசு பறப்பது போல, நூலாம்படை தொங்குவது போல, புகை படர்வது போலத் தெரியும். சிலருக்கு அதுவும் தெரியாது. அழற்சி பெரும்பாலும் விழித்திரையின் ஓரப் பகுதியில் தொடங்குகிறது. படிப்பதற்கும் முகம் பார்ப்பதற்கும் நாம் பயன்படுத்துவது நடுப்பகுதி. ஓரத்தில் குழாய் கசிந்துகொண்டிருக்கும்போதே நடுப்பார்வை தெளிவாக இருக்கும். மருத்துவமனைச் சுவரில் உள்ள எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் படித்துவிடலாம்.

இன்னொன்றும் நடக்கிறது. கண்ணுக்குள் கசிந்த இரத்தம் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே கரைந்துவிடும். பார்வை திரும்பியதும் வீட்டில் ஷுக்ரு செய்கிறோம், ஸதகா கொடுக்கிறோம். அவை செய்ய வேண்டியவைதான். அத்தோடு மருத்துவமனைக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கரைந்தது வெளியே வந்த இரத்தம். இரத்தத்தை வெளியே விட்ட குழாய் அப்படியேதான் இருக்கிறது.

நம்மிடம் உதவி பெற்ற ஒரு தம்பியின் நிலையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். இடது கண்ணில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, இரண்டு மாதத்தில் தெளிந்துவிட்டது. கையில் வளைகுடா விசா. தங்கையின் நிக்காஹ் செலவு அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது. “கண்ணுதான் தெரியுதே, போகட்டுமே” என்றார் அவருடைய தாயார். போகும் முன் ஒரு ஆஞ்சியோ எடுத்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். படத்தில் இடது கண்ணின் ஓரம் முழுவதும் இரத்தம் போகாத கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. அதைவிட, எந்தத் தொந்தரவும் தராத வலது கண்ணிலும் குழாய்கள் கசிந்துகொண்டிருந்தன. இடது கண்ணுக்கு லேசர் கொடுத்து, அழற்சிக்கு மருந்தும் தொடங்கினார்கள். பயணம் ஐந்து மாதம் தள்ளிப்போனது. குடும்பத்திற்கு அது பெரிய கஷ்டம்தான். அல்ஹம்துலில்லாஹ், இன்று அவர் இரண்டு கண்ணோடும் வேலை பார்க்கிறார். விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் படம் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் திரும்புகிறார்.

அந்த ஒரு படம் எடுக்காமல் அவர் விமானம் ஏறியிருந்தால் அந்தக் குடும்பத்தின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறோம்.

எந்தப் படம் எதைக் காட்டும்?

மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். குழாயைச் சுற்றி வெள்ளை படர்ந்திருப்பதும் இரத்தத் திட்டும் தெரியும். குழாய் கசிகிறதா, எங்கே அடைபட்டிருக்கிறது என்பது முழுமையாகத் தெரியாது. அதற்குத்தான் ஆஞ்சியோ.

கை நரம்பில் ‘ஃப்ளோரசின்’ என்ற மஞ்சள் சாயத்தை ஊசி மூலம் செலுத்துவார்கள். பத்துப் பதினைந்து நொடியில் அது கண்ணுக்கு வந்துவிடும். கேமரா நீல ஒளி பாய்ச்ச, சாயம் பச்சையாக ஒளிரும். வரிசையாகப் படங்கள் எடுப்பார்கள். நல்ல குழாய் என்றால் சாயம் உள்ளேயே ஓடும். அழற்சி உள்ள குழாய் என்றால் சாயம் வெளியே கசிந்து, படத்தில் வெண்மேகம் போலப் பரவும். இரத்தம் போகாத இடம் கறுப்பாகத் தெரியும். அமெரிக்காவின் இண்டியானாவில் நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் இந்த முறையை 1961இல் வெளியிட்டார்கள். 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் கசிவைக் காட்டுவதில் இதற்கு ஈடு இல்லை.

பழைய கேமராவுக்கு ஒரு குறை உண்டு. ஒரு படத்தில் 30 முதல் 50 பாகை வரைதான் பிடிபடும். நோயோ ஓரத்தில் ஒளிந்திருக்கிறது. இப்போதுள்ள அகல்பரப்புக் கேமரா ஒரே படத்தில் 200 பாகை வரை, அதாவது விழித்திரையில் ஐந்தில் நான்கு பங்கைக் காட்டிவிடும். இதற்குப் பின்னே ஒரு தகப்பனின் வேதனை இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டக்ளஸ் ஆண்டர்சன் என்பவரின் ஐந்து வயது மகனுக்கு, விழித்திரை பிரிந்திருப்பது தாமதமாகத் தெரியவந்ததால், ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. குழந்தைகளும் சிரமமில்லாமல் காட்டக்கூடிய கருவி வேண்டும் என்ற உறுதியோடு அவர் 1992இல் ஆப்டோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கிருந்து வந்தது இந்த அகல்பரப்புக் கேமரா. பெஹ்செட் நோயில், வெளியே அமைதியாகத் தோன்றும் கண்ணில்கூட நுண்குழாய்கள் பெரணி இலை போலக் கசிந்துகொண்டிருப்பதை இப்படிப்பட்ட படங்கள் காட்டிக்கொடுக்கின்றன.

அடுத்தது ஓ.சி.டி. 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழுவினர் அறிமுகப்படுத்திய ஸ்கேன் இது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரொட்டியைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தெரிவது போல, விழித்திரையின் அடுக்குகளை வெளிச்சத்தைக் கொண்டே குறுக்குவெட்டாகக் காட்டும். பார்வையின் மையப்புள்ளியில் விழித்திரையின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். நீர் கோத்து அது வீங்கினால் எத்தனை மைக்ரான் கூடியது, சிகிச்சைக்குப் பின் எத்தனை குறைந்தது என்று எண்ணிலேயே சொல்லிவிடும்.

இப்போது ஓ.சி.டி. ஆஞ்சியோ என்றும் ஒன்று வந்திருக்கிறது. சாயமே இல்லாமல், ஓடும் இரத்த அணுக்களின் அசைவைக் கொண்டு குழாய்களைப் படமாக்குவது. “ஊசி இல்லாதது இருக்கும்போது எங்களுக்கு ஏன் ஊசி போடுகிறார்கள்?” என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. ஓ.சி.டி. ஆஞ்சியோ, நுண்குழாய் அடைபட்டிருப்பதை நுணுக்கமாகக் காட்டும். ஆனால் கசிவைக் காட்டாது. பெரும்பாலும் நடுப்பகுதியைத்தான் பிடிக்கும். ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது. எது, எப்போது தேவை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் சாய ஊசி தேவைப்படாது. அடிக்கடி ஓ.சி.டி., அவசியப்படும்போது மட்டும் ஆஞ்சியோ என்றும் பலருக்கு எழுதுகிறார்கள். நாமாகப் போய், “எல்லா ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்” என்று வற்புறுத்துவதும் சரியில்லை.

திரும்பத் திரும்ப ஏன்?

இப்போது நம் நன்கொடையாளர்களின் கேள்விக்கு வருவோம்.

இந்த நோய்க்கு ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அதை நீண்ட காலம் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், இரத்த அழுத்தம் கூடும், எலும்பு பலவீனமாகும், கண்ணிலேயே புரையும் கண் அழுத்தமும் வரலாம். சிலருக்கு நோய் எதிர்ப்பு சக்தியையே தணிக்கும் மருந்துகளும் தேவைப்படும். அவை விலை கூடியவை, இரத்தப் பரிசோதனையோடு கண்காணிக்க வேண்டியவை. இப்படிப்பட்ட மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா, நிறுத்துவதா என்ற முடிவை நோயாளி சொல்வதை வைத்து மட்டும் எடுக்க முடியாது. சென்ற முறை எடுத்த படத்தையும் இந்த முறை எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் மருத்துவர். கசிவு நின்றிருந்தால் மருந்தைப் படிப்படியாகக் குறைக்கிறார். நிற்கவில்லை என்றால் தொடர்கிறார் அல்லது மாற்றுகிறார். புதிதாகக் கறுப்புத் திட்டு தோன்றியிருந்தால் லேசருக்கு ஏற்பாடு செய்கிறார்.

ஆகவே படம் என்பது சிகிச்சையின் ஒரு பகுதி. தேவையுள்ளவருக்கு மருந்து நிற்காமல் பார்த்துக்கொள்வதும் அதுதான், தேவையில்லாதவரை மருந்தின் தீங்கிலிருந்து காப்பதும் அதுதான். கண்ணுக்குள் இரத்தம் கொட்டி, விழித்திரை பிரிந்து, பெரிய ஆபரேஷன் வரை போனபின் நாம் செலவிடும் தொகையை எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும் முழுப் பார்வை திரும்பும் என்று யாரும் உறுதி தருவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு மாத்திரையை ஒருபோதும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். அது உடலுக்கே ஆபத்து. அதேபோல, காசநோய் மருந்து சாப்பிடுபவர்கள் நிறம் மங்கித் தெரிந்தாலோ பார்வை குறைந்தாலோ உடனே சொல்ல வேண்டும். அதிலுள்ள எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது.

பரிசோதனை நாளில்

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு கண்மணியை விரிப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும். பைக் ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அன்று கண்ணுக்குச் சுர்மா இட வேண்டாம். சகோதரிகள் கையை எளிதாக ஏற்றிவிடக்கூடிய தளர்வான சட்டை அணிந்து செல்லுங்கள். ஊசி போட பெண் செவிலியர் வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

ஒவ்வாமை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாயம் ஏறும்போது சிலருக்குக் குமட்டல் வரும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். தோலில் மஞ்சள் நிறம் படரும், சிறுநீர் ஒரு நாளைக்கு அடர் மஞ்சளாகப் போகும். காமாலை என்று பயந்துவிடாதீர்கள். கடுமையான ஒவ்வாமை அரிதாகவே வரும். தோல் தடித்தாலோ மூச்சு முட்டினாலோ அங்கேயே உடனே சொல்லுங்கள்.

எடுத்த படங்களையும் ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். மருத்துவமனை மாறினாலும் பழைய படங்களைக் கையோடு கொண்டு போங்கள். பழைய படம் இல்லாமல் புதிய படம் பாதி விஷயத்தைத்தான் சொல்லும்.

ரமளானில் பரிசோதனை வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். கண்ணில் சொட்டு மருந்து விடுவதால் நோன்பு முறியாது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் நிலைப்பாடு. உணவாக அமையாத ஊசியாலும் முறியாது என்று இக்கால உலமாக்களில் பெரும்பாலோர் கூறுகிறார்கள். இருந்தாலும் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மாத்திரைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகையை ஏற்பது ஈமானின் குறை ஆகாது.

நம் பொறுப்பு

சகோதரர்களே, இந்த நோயாளிகள் விஷயத்தில் அறக்கட்டளை ஒரு முடிவு எடுத்திருக்கிறது. பார்வை திரும்பிவிட்டது என்பதற்காக உதவிக் கோப்பை மூடமாட்டோம். “இனி தொடர் பரிசோதனை தேவையில்லை” என்று மருத்துவர் எழுதித் தரும்வரை அந்தக் கோப்பு திறந்தே இருக்கும். ஸகாத் பெறத் தகுதியுள்ளவர்களுக்கு, ஆலிம்களின் ஆலோசனைப்படி ஸகாத் நிதியிலிருந்து தருகிறோம். தகுதி வரம்புக்குச் சற்று மேலே இருந்துகொண்டு, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுத் தவிக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஸதகா நிதியிலிருந்து தருகிறோம். போக்குவரத்துச் செலவும் இதில் அடங்கும். கைப்பணம் இல்லாததால் மட்டும் பரிசோதனை நாள் தவறிவிடக் கூடாது.

பண உதவி செய்ய இயலாதவர்கள் உடல் உழைப்பைத் தரலாம். 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இன்று சென்னை எழும்பூரில் இருக்கிறது. 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் இருக்கிறது. நம் மாநிலத்தில் நல்ல கண் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. அங்கே அழைத்துப்போய், நாள் முழுக்க உடனிருந்து, வீட்டில் கொண்டுவந்து விடும் ஆள்தான் குறைவு. இளைஞர்கள் முன்வர வேண்டும். இரண்டு சக்கர வண்டியும் ஒரு நாள் விடுப்பும் இருந்தால் போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. “கண் நோய் என்று வெளியே தெரிந்தால் பிள்ளைக்கு வரன் அமையாது” என்று மறைத்து வைக்கும் வீடுகள் நம் மஹல்லாவிலும் இருக்கின்றன. உங்கள் கவலை நமக்குப் புரிகிறது. இந்த அழற்சி ஒருவரைத் தொட்டு இன்னொருவருக்கு வருவதில்லை. நம்மிடம் வரும் எந்த மனுவும் வெளியே போகாது. பெண்களின் மனுக்களை நம் சகோதரிகள் குழுவே பெற்றுக்கொள்ளும். மறைத்தால் வரனுக்காகக் காத்திருக்கும் காலத்திலேயே பார்வை போய்விடக்கூடும்.

ஓதிப் பாருங்கள், துஆ கேளுங்கள், ஸதகா கொடுங்கள். அவற்றோடு மருந்தையும் மறு பரிசோதனையையும் விடாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே நமக்கு ஏவியிருக்கிறார்கள்.

கண்முன் கொசுவோ புகையோ பறந்தால், குறிப்பாக இளைஞர்கள், இந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே சிகிச்சை பெற்று, பார்வை தெளிந்ததும் பாதியில் நிறுத்தியவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், இஷா தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் சந்தியுங்கள். பழைய ஃபைல் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள். அடுத்த பரிசோதனைக்கான நாளை நாம் சேர்ந்தே குறித்துக்கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம் பார்வையையும் நம் பிள்ளைகளின் பார்வையையும் பாதுகாப்பானாக. நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக. கொடுப்போரின் பொருளில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.